தாய்மொழிக்கு எதற்கு ஐந்து ஆண்டு?

மதிப்பிற்குரிய ஐயா,

நாமக்கல் மாவட்டத்தில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் எட்டு ஆண்டுகளாகத் தமிழ் நடத்துகிறேன். சென்ற மாதம் நீங்கள் எழுதிய பள்ளிக்கூடக் குறிப்புகளில், நார்வேயில் அவர்களுடைய தாய்மொழியை நடத்த ஆசிரியர்கள் ஐந்து ஆண்டுகள் படிக்கிறார்கள் என்று ஒரு வரி வந்தது. அதை எங்கள் ஆசிரியர் அறையில் வாசித்துக் காட்டினேன். “கணக்கு என்றால் சரி. வீட்டில் பேசுகிற மொழியைச் சொல்லித்தர எதற்கு ஐந்து வருடம்?” என்று கணித ஆசிரியர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு போய்விட்டது, கேள்வி போகவில்லை. நான் இளங்கலைத் தமிழும் இரண்டு ஆண்டு பி.எட்.டும் படித்தவள். பி.எட்.டில் இருந்து இன்று நினைவில் நிற்பவை பாடக் குறிப்பேடும் சார்ட் அட்டைகளும் மட்டுமே.

அந்த ஐந்து ஆண்டுகளில் அங்கே என்னதான் சொல்லித்தருகிறார்கள்? அங்கே ஒரே மொழிக்கு இரண்டு எழுத்து வடிவங்கள் என்றும், பிள்ளைகள் இரண்டையும் படிக்க வேண்டும் என்றும் கேள்விப்பட்டேன். அது பிள்ளைகளுக்குச் சுமை இல்லையா? இலக்கியத்தில் எதை நடத்துவது என்று யார் முடிவு செய்கிறார்கள்? அங்கிருந்து என் வகுப்புக்கு நான் எடுத்துக்கொள்ளக்கூடியது ஏதாவது உண்டா? நேரமிருந்தால் எழுதுங்கள்.

அன்புடன்,
ம., நாமக்கல்

அன்புள்ள ஆசிரியைக்கு,

முதலில் என் வரியைத் திருத்திவிடுகிறேன். எல்லோரும் ஐந்து ஆண்டு படிப்பதில்லை, நானே படிக்கவில்லை. ஒன்று முதல் ஏழாம் வகுப்பு வரை கற்பிக்கிறவர்களுக்கும் ஐந்து முதல் பத்தாம் வகுப்பு வரை கற்பிக்கிறவர்களுக்கும் 2017 முதல் ஐந்தாண்டு முதுகலைப் படிப்பு வந்தது. அதற்கு முன் நான்கு ஆண்டுகள். எட்டாம் வகுப்பு முதல் மேல்நிலை வரை கற்பிக்க வேறொரு ஐந்தாண்டுப் படிப்பு இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் பாடத்தைப் படித்துவிட்டு, மேலே ஓராண்டு கற்பித்தல் கல்வி படித்து வருகிறவர்களும் உண்டு. நான் அந்தக் கடைசிக் கதவு வழியாக, நாற்பதை நெருங்கும் வயதில் நுழைந்தவன். அந்த ஐந்து ஆண்டுகளும் நோர்வேஜிய மொழிக்கே போய்விடுவதுமில்லை. தொடக்க வகுப்புகளில் மொழிப்பாடம் நடத்த அரை ஆண்டுக்கு ஈடான படிப்பும், எட்டாம் வகுப்புக்கு மேல் நடத்த ஓராண்டுக்கு ஈடான படிப்பும் வேண்டும். மற்றதெல்லாம் வேறு பாடங்கள், கல்வியியல், ஓர் ஆய்வேடு. இவற்றோடு குறைந்தது 110 நாள்கள் உண்மையான வகுப்பறையில் உண்மையான பிள்ளைகளோடு.

உங்கள் கணித ஆசிரியர் கேட்டது நியாயம். வீட்டில் பேசுகிற மொழியைச் சொல்லித்தர ஐந்து ஆண்டு வேண்டாம், ஒரு நாள்கூட வேண்டாம். இங்கே சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: நோர்வேஜிய மொழி எது என்பதில் நோர்வேஜியர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது பல்கலைக்கழகம் அல்ல, ஒரு மீன் தொழிற்சாலை. எண்பதுகளின் கடைசியில் ஃபின்மார்க்கில் வந்து இறங்கினேன். நோர்வேயின் வடக்கு விளிம்பு அது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்கள் ஆட்கள் பலர் அங்கேதான் கொட் மீனை வெட்டி வாழ்க்கையைத் தொடங்கினார்கள். மாலை வகுப்பில் தந்த புத்தகத்தில் ‘நான்’ என்பதற்கு ‘யெய்’ என்று இருந்தது. அதை மனப்பாடம் செய்துகொண்டு காலையில் வேலைக்குப் போனால், கத்தியோடு நிற்கிற ஒருவரும் ‘யெய்’ சொல்லவில்லை. ‘ஏ’வுக்கும் ‘ஆ’வுக்கும் இடையில் கிடக்கிற ஓர் ஒற்றை ஒலிதான் அங்கே ‘நான்’. அது ஒரு சொல் என்று கண்டுபிடிக்கவே எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று. பல ஆண்டுகள் கழித்து மேற்கே பேர்கன் பக்கம் குடிவந்தபோது ‘நான்’ மறுபடியும் மாறியது. இங்கே ‘எக்’. ஒரே நாட்டில் மூன்று முறை ‘நான்’ சொல்லக் கற்றுக்கொண்டவன் நான்.

இதில் எது சரி? நீங்களும் நானும் வளர்ந்த முறைப்படி இது மிக இயல்பான கேள்வி. நாம் ‘வர்றேன்’ என்று பேசுவோம், ‘வருகிறேன்’ என்று எழுதுவோம். எழுதுவதுதான் சரி, பேசுவது அதன் தேய்ந்த வடிவம் என்று யாரும் சொல்லாமலே நம்பிவிடுவோம். நோர்வேயில் அந்த நம்பிக்கை செல்லுபடியாகாது. உயர்ந்த பேச்சு என்று எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒன்று இங்கே இல்லை. அமைச்சர் நாடாளுமன்றத்தில் தன் ஊர்ப் பேச்சில் பேசுவார். வானொலியில் செய்தியாளர் தன் பள்ளத்தாக்கின் பேச்சில் பேசுவார். யாரும் திருத்துவதில்லை.

காரணம் பழையது. நோர்வே ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் டென்மார்க்கோடு பிணைக்கப்பட்டிருந்தது. 1814-இல் பிரிந்தபோது சொந்தமாக ஓர் அரசியலமைப்பு கிடைத்தது. ஆனால் அதை எழுதிய மொழி டேனிஷ். மக்கள் பேசியது நோர்வேஜியம், தேவாலயமும் நீதிமன்றமும் பாடசாலையும் எழுதியது டேனிஷ். இந்த இடைவெளியை மூட இரண்டு வழிகள் முன்வைக்கப்பட்டன. இரண்டையும் முன்வைத்தவர்கள் ஆசிரியர்கள். இதை உங்கள் ஆசிரியர் அறையில் கொஞ்சம் உரக்கவே வாசிக்கலாம்.

ஒருவர் ஈவார் ஓசென். மேற்குக் கரையில் ஓர்ஸ்டாவில் பிறந்த விவசாயி மகன், பெரும்பாலும் தானாகவே படித்தவர். பதினெட்டு வயதில் ஊர்சுற்றும் பள்ளியின் வாத்தியார் ஆனார். அந்தக் காலத்தில் கிராமத்தில் பள்ளிக்கூடக் கட்டடம் கிடையாது. ஆசிரியர் பண்ணை பண்ணையாகப் போய்த் தங்கிச் சொல்லித்தருவார். பின்னர், 1842 முதல் 1846 வரை நாட்டின் பெரும்பகுதியைச் சுற்றி மக்கள் பேச்சைக் குறித்துவைத்தார். அதிலிருந்து 1848-இல் ஓர் இலக்கணமும் 1850-இல் ஓர் அகராதியும் செய்தார். சிதறிக்கிடந்த பேச்சுவழக்குகளுக்கு அடியில் ஒரு பொது அமைப்பு இருக்கிறது, அதையே எழுத்தாக்கலாம் என்பது அவர் வழி. மற்றவர் க்னுட் க்னுட்சென், தலைநகரில் உயர்பள்ளி ஆசிரியர். எழுதிக்கொண்டிருக்கும் டேனிஷையே படித்த நோர்வேஜியர்களின் உச்சரிப்புக்கு ஏற்பக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொண்டு போகலாம் என்றார். ஓசென் வழி இன்றைய நீநொர்ஸ்க். க்னுட்சென் வழி இன்றைய பூக்மோல். 1885 மே 12 அன்று நாடாளுமன்றம் இரண்டுக்கும் சம தகுதி கொடுத்தது. எதில் கற்பிப்பது என்பதை அந்தந்த ஊரின் பள்ளிக் குழுவே முடிவு செய்யலாம் என்று 1892-இல் சட்டம் வந்தது. நடுவில் இரண்டையும் ஒன்றாக்கிவிடலாம் என்று அரசு பல பத்தாண்டுகள் முயன்றது. ஐம்பதுகளில் பெற்றோர்கள் திரண்டு எதிர்த்தார்கள். 2002-இல் அந்த முயற்சியை முறைப்படியே கைவிட்டார்கள்.

எழுத்து வடிவம் என்றால் தனி லிபி என்று நினைத்துவிடாதீர்கள். லிபி ஒன்றுதான், இருபத்தொன்பது எழுத்துகள். மாறுவது சொல்லும் விகுதியும் வாக்கியத்தின் நடையும். 1944-இல் பள்ளிப் பிள்ளைகளில் மூவரில் ஒருவருக்கு நீநொர்ஸ்க் முதல் வடிவமாக இருந்தது. இன்று பத்தில் ஒருவருக்குச் சற்றுக் கூட. ஆனாலும் பாடநூல்கள் இரண்டு வடிவத்திலும் ஒரே நேரத்தில், ஒரே விலையில் கிடைக்க வேண்டும் என்பது சட்டம். பத்தாம் வகுப்பு முடிவில் பிள்ளைக்கு மொழிப்பாடத்தில் மூன்று மதிப்பெண்கள்: முதல் வடிவத்தில் எழுதியதற்கு ஒன்று, இரண்டாம் வடிவத்தில் எழுதியதற்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று. இரண்டாம் வடிவத்தைச் ‘சீடமோல்’ என்பார்கள், பக்கத்து மொழி என்பதுபோல. நோர்வேயின் பதின்வயதுப் பிள்ளைகள் ஒற்றுமையாக வெறுக்கும் ஒரே பொருள் அதுதான் என்று என் அனுபவத்தில் சொல்வேன்.

சுமையா என்று கேட்டீர்கள். சுமைதான், மறைப்பதற்கில்லை. ஆனால் அந்தச் சுமையின் விசித்திரத்தைப் பாருங்கள். என் வகுப்புப் பிள்ளைகள் வீட்டில் ‘எக்’ என்கிறார்கள், ‘இல்லை’ என்பதற்கு ‘இச்செ’ என்கிறார்கள். இரண்டுமே நீநொர்ஸ்க் சொற்கள். ஆனால் நகரப் பிள்ளைகள் என்பதால் பள்ளியில் பூக்மோல் எழுதுகிறார்கள். வாயில் இருப்பதை அப்படியே எழுதலாம் என்று சீடமோல் வகுப்பில் சொன்னால், “கஷ்டமாக இருக்கிறது, இது பட்டிக்காட்டு மொழி” என்று முகம் சுளிக்கிறார்கள். தன் வாயில் இருப்பதையே அந்நியம் என்று ஒரு பிள்ளை நம்பும்படி செய்தது எது? பயிற்சிக் காலத்தில் எங்களுக்குத் தரப்பட்ட முதல் பெரிய கேள்வி இதுதான். விடை தரவில்லை. இப்போதும் என்னிடம் இல்லை.

ஆசிரியராகப் போகிறவர் இரண்டு வடிவத்திலும் எழுதித் தேர வேண்டும். நான் நீநொர்ஸ்க் தேர்வில் முதல் முறை தோற்றேன். தோற்ற விதம் அழகானது. நீநொர்ஸ்க்கில் தவிர்க்கப்படும் ஒரு சொல்வகை உண்டு. ‘பெ’, ‘அன்’ என்று தொடங்குபவை, ‘ஹேட்’, ‘எல்செ’ என்று முடிபவை. இந்த நான்கையும் கோத்து ‘அன்பெஹேட்எல்செ’ என்று ஒரு சொல்லாக்கி ஆசிரியர்கள் மனப்பாடம் செய்யச் சொல்வார்கள். நம் ‘கசடதபற’ மாதிரி. இவை ஹன்சா என்ற பழைய வணிகர் கூட்டத்தின் வட ஜெர்மன் மொழி வழியாகவும் டேனிஷ் வழியாகவும் வந்து ஒட்டியவை என்பதால் ஓசென் ஒதுக்கிவைத்தார். அன்பு பூக்மோலில் ‘ஷார்லிஹேட்’. நீநொர்ஸ்க்கில் ‘ஷார்லெய்க்’. தனித்தமிழ் பார்த்து வளர்ந்த எனக்கு இந்த மனநிலை உடனே புரிந்தது. விதி மட்டும் கைக்கு வரவில்லை. என் கட்டுரை முழுக்க ‘ஹேட்’. எதை எழுதியிருந்தேன் தெரியுமா? நீநொர்ஸ்க்கின் தூய்மையைப் போற்றி.

ஆறுதல் ஒன்று இருந்தது. பல்கலைக்கழகப் பாடத்தில் பழைய நோர்ஸ் மொழியும் உண்டு, ஐஸ்லாந்தின் பழங்கதைகள் எழுதப்பட்ட மொழி. அதில் மட்டும் நானும் நோர்வேஜிய மாணவர்களும் சமம். அதைத் தாய்மொழியாகப் பேசுகிற எவரும் வகுப்பில் இல்லை.

இனிப் பயிற்சி நாள்கள். மாணவ ஆசிரியரை ஒரு பள்ளிக்கு அனுப்புவார்கள். அங்கே ஒரு மூத்த ஆசிரியர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துக் குறித்து, வகுப்பு முடிந்ததும் பேசுவார். எனக்கு வாய்த்தவர் அறுபதை நெருங்கிய அம்மையார். பின்னல் ஊசியும் நூலும் கையிலேயே இருக்கும். இரண்டாம் நாள் ஒரு பையன் எழுந்து ஏதோ சொன்னான். வடக்கிலிருந்து அண்மையில் குடிவந்தவன், ஃபின்மார்க் ‘நான்’ போட்டுப் பேசினான். எனக்கு ஒரே மகிழ்ச்சி, தெரிந்த ஒலி. அந்த மகிழ்ச்சியிலேயே, அவனுக்கு உதவுகிறேன் என்று நினைத்து, “வகுப்பில் பேசும்போது ‘யெய்’ என்று சொல்லிப் பழகு, எழுதும்போது வசதியாக இருக்கும்” என்றேன். பின்னல் ஊசி நின்றது. வகுப்பு முடிந்ததும் அம்மையார் குரலை உயர்த்தாமல் கேட்டார்: “அதைச் சொல்ல உங்களுக்குச் சட்டப்படி உரிமை இல்லை, தெரியுமா?”

எனக்குத் தெரியாது. பிள்ளைகளுக்கு முடிந்தவரை அவர்களுடைய சொந்தப் பேச்சிலேயே கற்பிக்க வேண்டும் என்று நோர்வே நாடாளுமன்றம் 1878-இலேயே தீர்மானித்திருக்கிறது. அதன் வழித்தோன்றல் இன்றும் கல்விச் சட்டத்தில் இருக்கிறது. வகுப்பில் எந்தப் பேச்சில் பேசுவது என்பதை மாணவரும் ஆசிரியரும் அவரவரே முடிவு செய்துகொள்வார்கள். ஆசிரியர்தான் மாணவரின் பேச்சைக் கவனத்தில் கொள்ள வேண்டும். யோசித்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பாகவும் வெட்கமாகவும் இருக்கிறது. அந்த ஒலிக்காக மீன் தொழிற்சாலையில் இரண்டு வாரம் திண்டாடியவன், அதோடு பிறந்த பிள்ளையிடம் அதை விடச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் என் தமிழாசிரியர் என்னிடம் செய்ததை நான் அவனிடம் செய்தேன், அவ்வளவுதான். ஆசிரியப் பயிற்சியில் பாதி, நமக்குச் செய்யப்பட்டதைத் திருப்பிச் செய்யாமல் இருக்கப் பழகுவது.

இதைச் சொல்லிவிட்டு நோர்வேயைக் கொண்டாட வேண்டாம். 1878 தீர்மானத்தின் ‘பிள்ளைகள்’ என்ற சொல்லில் எல்லாப் பிள்ளைகளும் அடங்கவில்லை. வடக்கே சாமி மக்களும் க்வேன் மக்களும் இருந்தார்கள், நோர்வேஜியத்தோடு உறவே இல்லாத மொழிகளைப் பேசியவர்கள். அந்தப் பகுதிகளில் நோர்வேஜியத்தைப் பரப்ப 1851-இலேயே தனி நிதி ஒதுக்கியிருந்தார்கள். நல்ல பலன் காட்டிய ஆசிரியருக்கு அதிலிருந்து ஊதியத்துக்கு மேல் பணம் போயிற்று. 1898-இல் வந்த அறிவுறுத்தல், தவிர்க்கவே முடியாத இடத்தைத் தவிர வகுப்பில் சாமியோ க்வேனோ பயன்படுத்தக் கூடாது என்றது. பள்ளத்தாக்கின் விவசாயப் பிள்ளைக்கு அதன் பேச்சைத் திருப்பிக்கொடுத்த அதே பள்ளிக்கூடம், சாமிப் பிள்ளையின் மொழியைப் பறித்தது. தொழிற்சாலையில் என் பக்கத்தில் நின்று வேலை செய்த ஒரு முதிய பெண், தொலைபேசியில் தன் அக்காவோடு மட்டும் சாமியில் பேசுவார், குரலைத் தாழ்த்தி. ஏன் என்று அப்போது எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இந்த வரலாற்றை விசாரித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2023-இல்தான் நாடாளுமன்றத்தில் அறிக்கை கொடுத்தது. இன்று சாமி மொழி ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க கௌடோகெய்னோவில் ஓர் உயர்கல்லூரி இருக்கிறது. பொது மொழிப்பாடத்திலும் சாமி எழுத்துகளை வாசிக்கச் சொல்கிறார்கள். வாசிக்கிறோம், மொழிபெயர்ப்பில்.

இனி இலக்கியம். யார் முடிவு செய்கிறார்கள் என்று கேட்டீர்கள். நானேதான்! இதை நீங்கள் நம்ப மாட்டீர்கள். எழுத்தாளர் பட்டியலோ கட்டாயப் பாடநூலோ அரசிடமிருந்து வருவதில்லை. முன்பு இப்படி இல்லை. 1892 முதல் 1895 வரை வெளியான நூர்டால் ரொல்ஃப்செனின் வாசிப்பு நூலைத் தலைமுறை தலைமுறையாக நாடு முழுவதும் படித்தது. பேரனும் தாத்தாவும் ஒரே கதையின் அடுத்த வரியைச் சொல்லக்கூடிய காலம் அது. 1997 பாடத்திட்டத்தில்கூட எழுத்தாளர் பெயர்கள் இருந்தன. 2006-இல் வந்தது பெயர்களைத் தூக்கிவிட்டது. பிள்ளை என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டு, எதை வைத்து என்பதை ஆசிரியரிடம் விட்டது. 2020-இல் தொடங்கிய இப்போதைய பாடத்திட்டமும் அதே வழியில்தான் போகிறது. பழையதும் புதியதும், நாவலும் கவிதையும், நீநொர்ஸ்க்கும் பூக்மோலும், கொஞ்சம் ஸ்வீடிஷும் டேனிஷும் இருக்க வேண்டும் என்பார்கள். யாருடையது என்று சொல்ல மாட்டார்கள்.

சுதந்திரம் என்று கேட்க நன்றாக இருக்கிறது. புதிய ஆசிரியருக்கு அது நடுக்கம். கையில் முப்பது நாவல் இருக்கிறவருக்குத்தான் தேர்வு செய்யும் சுதந்திரத்தால் பயன். இங்கே எனக்கு ஒரு மனக்குறை. பயிற்சிக் கல்லூரிகளில் இலக்கியத்தை எப்படிக் கற்பிப்பது என்று எழுதிய நூல்களை நிறைய வாசிக்கவைக்கிறார்கள். இலக்கியத்தை அந்த அளவுக்கு வாசிக்கவைப்பதில்லை. இளம் ஆசிரியர் ஒருவர் வாசிப்பு உத்திகளைப் பற்றி ஆய்வேடு எழுதியிருப்பார். ஆனால் அவர் கடைசியாகச் சொந்த விருப்பத்துக்கு வாசித்த நாவல் எது என்று கேட்டால் பேச்சை மாற்றுவார். ஐந்தாண்டை ஆறாக்கினாலும் இது சரியாகாது. எதைக் குறைப்பது என்றுதான் யோசிக்க வேண்டும்.

பயிற்சியில் எனக்குப் பிடித்த விவாதம் க்னுட் ஹாம்சுனை முன்வைத்து நடந்தது. 1920-இல் நோபல் பரிசு பெற்றவர். அந்தப் பதக்கத்தை 1943-இல் ஹிட்லரின் பிரசார அமைச்சர் கோயபல்ஸுக்குப் பரிசாகக் கொடுத்தவர். 1945 மே 7 அன்று ஹிட்லருக்குப் புகழஞ்சலி எழுதி நாளிதழில் வெளியிட்டவர். அவர் உரைநடைக்கு ஈடாக நோர்வேஜிய மொழியில் அதிகம் இல்லை என்பதும் உண்மை. பதினாறு வயதுப் பிள்ளைக்கு அவரைக் கொடுப்பதா? கொடுத்தால் முதலில் எதைச் சொல்வது, பரிசையா அஞ்சலியையா? முதலில் அஞ்சலியைச் சொல்லிவிட்டால் அதன் பிறகு எந்தப் பிள்ளையும் வரிகளை வாசிக்காது, துரோகியைத் தேடும். கடைசியில் சொன்னால், ஏமாற்றிவிட்டீர்கள் என்று சினக்கும். விரிவுரையாளர் முடிவு சொல்லவில்லை. அவரவர் ஒரு பாடத் திட்டம் எழுதி வந்து மற்றவர்களின் முன் நின்று காக்க வேண்டும் என்றார். நான் ‘கடைசியில் சொல்வேன்’ கட்சி. இப்போது முதலில் சொல்கிறேன். பிள்ளைகள் கைப்பேசியில் பெயரைத் தட்டி இரண்டு நொடியில் தெரிந்துகொள்கிறார்கள், நான் வைத்துக்கொள்ள ரகசியம் இல்லை.

இலக்கிய வகுப்பை நடத்தும் முறையிலும் அந்தப் பின்னல் ஊசி அம்மையாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். நாட்டுப்புறக் கதை ஒன்றை நடத்தினேன். ஆஸ்பியோர்ன்செனும் மூவும் 1840-களில் தொகுத்தவற்றில் ஒன்று. மூன்று அண்ணன் தம்பிகள், கடைசித் தம்பி சாம்பலைக் கிளறிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன், அவனே வெல்வான். கேள்வி கேட்டேன், விளக்கினேன், வகுப்பு கலகலப்பாக இருந்தது என்று நினைத்தேன். அம்மையார் ஒரு தாளை நீட்டினார். நான் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, எவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்று குறித்திருந்தார். ஒரு நொடி, ஒரு நொடி, பூஜ்யம், இரண்டு நொடி, பூஜ்யம். பூஜ்யங்கள் எல்லாம் நானே பதில் சொல்லிக்கொண்டவை. அடுத்த வாரம் வைராக்கியமாகக் காத்திருந்தேன். ஏன் இந்தக் கதைகளில் எப்போதும் கடைசிப் பிள்ளை வெல்கிறான் என்று கேட்டுவிட்டு நின்றேன். ஐந்து நொடி, பத்து நொடி. ஒரு பெண் கை தூக்கினாள். “கேள்வியை மறந்துவிட்டீர்களா?” என்றாள்.

மௌனத்துக்கும் பயிற்சி வேண்டும், எனக்கும் அவர்களுக்கும். மூன்றாவது வாரத்தில் ஒரு பையன் சொன்னான்: பெரிய பண்ணை மூத்தவனுக்குப் போய்விடும், கடைசிப் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்காது, ஆகவே கதை சொன்னவர்கள் எல்லாம் கடைசிப் பிள்ளைகளாக இருந்திருப்பார்கள். எந்த உரைநூலிலும் நான் வாசித்திராத விளக்கம் அது. சரியா என்று இன்றுவரை தெரியாது. அன்று நான் பேசியிருந்தால் அது வெளியே வந்திருக்காது.

2023 அக்டோபரில் யூன் ஃபொஸ்ஸேவுக்கு நோபல் கிடைத்தபோது என் வகுப்பில் ஒரு சின்னக் கலவரம். அவர் எங்கள் பக்கத்து ஹார்டாங்கரில் வளர்ந்தவர், எழுதுவது முழுக்க நீநொர்ஸ்க்கில். “அப்படியானால் சீடமோலைப் பாடத்திலிருந்து இனி ஒருபோதும் நீக்க மாட்டார்களா?” என்று ஒருத்தி உண்மையான துக்கத்தோடு கேட்டாள். நீக்க மாட்டார்கள் என்றேன். அவருடைய நாடகம் ஒன்றிலிருந்து ஒரு பக்கத்தை வாசிக்கக் கொடுத்தேன். சொன்னதையே திரும்பச் சொல்லும் சின்னச் சின்ன வாக்கியங்கள். “இது கஷ்டமே இல்லையே, என் பாட்டி பேசுவது மாதிரி இருக்கிறது” என்றாள் அதே பெண். அடுத்த வாரம் சீடமோல் கட்டுரையில் வழக்கம்போல எல்லாத் தவறுகளையும் செய்தாள். நோபல் பரிசுக்கு அவ்வளவு சக்திதான்.

உங்கள் வகுப்புக்கு என்ன எடுத்துக்கொள்ளலாம் என்ற கேள்விக்கு நான் தயங்குகிறேன். எட்டு ஆண்டு வகுப்பில் நின்றவருக்குப் பனிநாட்டிலிருந்து அறிவுரை சொல்வது அழகல்ல. உங்களுக்குப் பாடநூலும் பொதுத்தேர்வும் கைகளைக் கட்டுகின்றன. எனக்கு எட்டாம் வகுப்புக்கு முன் மதிப்பெண்ணே கிடையாது. இரண்டும் வேறு வேறு உலகம். ஆனால் எங்கள் பயிற்சியில் ஒரு சின்ன வேலை கொடுத்தார்கள், அதை மட்டும் சொல்கிறேன். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் வீட்டிலிருக்கிற மிக மூத்தவரிடம் போய், தங்களுக்குப் புரியாத ஐந்து சொற்களைக் கேட்டு எழுதி வர வேண்டும். வந்ததும் அவற்றைப் பலகையில் எழுதி, இவற்றில் எது அகராதியில் இருக்கிறது என்று தேடுவோம். ஓசெனின் 1850 அகராதியில் இருந்து, இன்றைய அகராதியில் இல்லாத ஒரு சொல்லைத் தன் தாத்தாவின் வாயிலிருந்து கொண்டுவந்த பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். கொங்கு வீடுகளில் இதைச் செய்தால் என்ன வரும் என்று எனக்கு ஆவலாக இருக்கிறது. செய்தால் சொற்களை எனக்கும் அனுப்புங்கள். உங்கள் கணித ஆசிரியரின் பாட்டியையும் விட்டுவிடாதீர்கள்.

இதோடு நிறுத்துகிறேன். இன்று இரவு இருபத்தேழு சீடமோல் கட்டுரைகள் பார்க்க வேண்டும். முதல் கட்டுரையின் முதல் வரியிலேயே ‘அந்தச் சிறுமி’ என்பதற்கு ‘யென்டென்’ என்று இருக்கிறது. பேர்கன் பேச்சில் பெண்பால் விகுதி கிடையாது, எல்லாமே ஆண்பால் போலத்தான் முடியும். நீநொர்ஸ்க்கில் அது ‘யென்டா’. அந்தப் பிள்ளையின் அம்மாவும் பாட்டியும் காலமெல்லாம் ‘யென்டென்’ என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஓரக் குறிப்பில் என்ன எழுதுவது என்று பத்து நிமிடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்.